கூட வந்தவள்

கவுன்சலரிடம் முதல் முறை பேசியபோது என் பிரச்சினையை வரிசையாகச் சொன்னேன். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது, எது செய்தால் குறைகிறது. சாஃப்ட்வேரைப் பரிசோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எதையும் அப்படி எழுதித்தான் பழக்கம். ஆன்லைன் மீட்டிங்கில் என் முறை வரும்போது மூச்சு முட்டும், குரல் வெளியே வராது. இதய டாக்டர் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி, கவுன்சலரைப் பார்க்கச் சொன்னார். இரண்டு முறை நெட் போய்விட்டதாகச் சொல்லித் தப்பித்திருந்தேன். அடுத்த மாதம் வாடிக்கையாளர் முன்னால் நான்தான் பேசியாக வேண்டும். அன்றைக்கும் நெட் போனால் வேலையும் போகும் என்பதை மேலாளர் நயமாகவே சொல்லியிருந்தார்.

கவுன்சலர் கோழிக்கோட்டுக்காரர், என்னைவிடச் சில வயது மூத்த பெண். எல்லையோர ஊரான முதலமடையில் எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் கேள்வி வரும். அதனால் காரைத் தோப்பின் ஓரத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஃபோனை ஸ்டியரிங்கில் சாய்த்துவைத்துப் பேசுவேன். அம்மா அதையும் கவனித்துவிட்டார்.

“கார்ல உக்காந்து யாருகூடப் பேசற? மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்து வெச்சிருக்கியா?”

விஷயத்தைச் சொன்னேன்.

“பேசறதுக்குக் காசா? என்கிட்டப் பேசியிருந்தா சோறும் போட்டுக் கேட்டிருப்பனே.”

சில வாரம் கழித்து கவுன்சலர் என்னை நிறுத்தி, நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியோடு கூட வந்தவர் டாக்டரிடம் விவரம் சொல்வதுபோல இருக்கிறது என்றார். வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றேன். பிறகு என்னிடம் மட்டும் ஏன் மலையாளத்தில் பேசுகிறீர்கள் என்றார்.

எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. எங்கள் பக்கத்தில் வில்லேஜ் ஆபீஸ், பேங்க், கரண்ட் ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மலையாளம், வீட்டுக்குத் தமிழ். கவுன்சலிங்கை யோசிக்காமலே ஆபீஸ் பக்கம் சேர்த்துவிட்டிருந்தேன். அந்த மலையாளத்தை நான் எனக்காகப் பேசியதும் குறைவு. எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிடிபடாது. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவர்களுக்காக ஒவ்வொரு கவுண்டரிலும் நின்று பேசியது நான்தான்.

தமிழிலேயே சொல்லுங்கள், புரியாததைக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். இது எப்படி வேலை செய்யும் என்று பார்க்கும் ஆர்வத்தில் சரி என்றேன். அம்மாவின் ஆஸ்பத்திரி நாளைச் சொன்னேன்.

போன வருஷம் அம்மாவின் கழுத்தில் இருந்த கட்டியைப் பற்றி டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நான் திரும்பி அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர்களுடைய கேள்விகளை மலையாளத்தில் கேட்டு, பதில்களைத் தமிழில் கொடுத்தேன், ஒரு வார்த்தை விடாமல், குரல் பிசகாமல். ஆபரேஷன் முடிந்து அம்மா இப்போது தென்னை மட்டையை இழுத்துப்போடும் அளவுக்குத் தேறிவிட்டார். எனக்கு மூச்சுமுட்டல் தொடங்கியது ஆபரேஷனுக்கு அடுத்த மாதம். முதல் நாள் கொடுத்த விவரத்திலேயே அம்மாவின் ஆபரேஷனையும் சொல்லியிருந்தேன். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

“அப்போ… நீங்க?” என்றார் கவுன்சலர், தன் அரைகுறைத் தமிழில்.

“எனக்குப் பயமா இருந்துதுங்க.”

அழுதிருப்பேன் என்று நினைப்பீர்கள். அழவில்லை. காது சூடானது, கை சில்லிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி என்று வியந்து அவரிடமே கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். மீட்டிங்கில் எல்லோரும் என் பக்கம் திரும்பும் நொடியும் அந்த டாக்டர் அறையும் ஒன்றா, அதுதான் காரணமா என்றும் கேட்டேன். இருக்கலாம், பார்ப்போம் என்றார். உடனே ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வாடிக்கையாளர் மீட்டிங்கன்று மூச்சு முட்டத்தான் செய்தது. மைக்கை அணைக்கவில்லை. எனக்குப் படபடப்பாக இருக்கிறது, அரை நிமிஷம் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர்களில் ஒருவர், அப்படியானால் நானும் காப்பி எடுத்து வந்துவிடுகிறேன் என்று எழுந்துபோனார். அவருடைய காலி நாற்காலி லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையோடு வந்து உட்கார்ந்ததும் முதல் ஸ்கிரீனைத் திறந்து பேசத் தொடங்கினேன்.