கில்பர்ட்டின் கைக்குச் சாட்சி

டெவன் பக்கத்தில் மன்னர் கட்சியும் பாராளுமன்றக் கட்சியும் ஒன்றையொன்று வெட்டி ஓய்ந்த பிறகு, ஆமியாஸ் லஸ்கம் வாளைப் போட்டுவிட்டுக் கோடரியைத் தூக்கினான். பாராளுமன்றத்துக்காகச் சண்டை போட்டவன். விறகு பிளப்பதில் கெட்டிக்காரன். கூலியில் படு கறார். பாதிரியார் வீடானாலும் காசை எண்ணி வாங்காமல் நகரமாட்டான்.

கில்பர்ட் டோசர் வீட்டு விறகை மட்டும் சும்மாவே பிளந்து கொடுப்பான். கில்பர்ட் மன்னர் படையில் இருந்தவன். வலது கையில் கட்டைவிரலை விட்டால் வேறு விரல் கிடையாது.

"எதிர்க்கட்சிப் பயதான். ஆனா தங்கமான ஆளுய்யா" என்று மதுக்கடையில் அவன் ஆமியாஸைப் புகழ்வான். ஆமியாஸ் குவளைக்குள் மூஞ்சியை விட்டுக்கொள்வான்.

மன்னர் ஆட்சி திரும்பியது. தம் பக்கம் நின்று காயம்பட்டவர்களுக்கு மட்டும் பென்ஷன் என்றார்கள். கில்பர்ட் மனுப் போட்டான். கிடைக்காவிட்டால் அவனும் பெண்டாட்டி தாமசினும் பிச்சைக்குத்தான் போகவேண்டும். ஆமியாஸ்தான் அவனை வண்டியில் ஏற்றி நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனான்.

நீதிபதி கையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"ஆப்பிள் ஆலையில கையக் குடுத்துட்டு, மன்னருக்காகப் போச்சுன்னு வந்து நிக்கிறீங்க. உன் கேப்டன் எங்கே?"

"செத்துட்டாருங்க."

"கூட நின்னவங்க?"

"அவங்களும் போய்ட்டாங்க ஐயா."

"அப்ப நீயும் கிளம்பு."

கில்பர்ட் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பினான். ஆமியாஸ் முன்னால் வந்து நின்றான். இத்தனை வருஷம் மென்று விழுங்கியதை இப்போது துப்பியாக வேண்டும்.

"ஐயா, அது வெட்டுப்பட்ட கை. கல்லறைத் தோட்டத்துச் சுவர்ல ஏறி வந்தான். மேல கை மட்டுந்தான் தெரிஞ்சுது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெட்டுனது நான்தாங்க. கீழ விழுந்து கத்துனப்ப எட்டிப் பாத்தேன். இதே மூஞ்சிதான்."

சபை கொல்லென்று சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டார். "பழசையெல்லாம் மன்னர் மன்னிச்சிட்டார், பொழைச்சுப் போ" என்று அவனை விரட்டிவிட்டு, கில்பர்ட்டுக்கு பென்ஷன் எழுதச் சொன்னார். முதல் தவணையும் அங்கேயே கைக்கு வந்தது. கில்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தே ஊருக்குப் போனான்.

மறுநாள் காலையில் ஆமியாஸ் கோடரியோடு அவன் வாசலில் போய் நின்றான். திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தான். கதவைத் திறந்த தாமசின் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். கில்பர்ட் வெளியே வந்து மரக்கட்டையைக் காட்டினான்.

"பிள."

பிளந்து முடித்ததும் விறகின்மேல் காசு வைத்தான்.

"ஊருக்கு என்ன கூலியோ அதேதான். இனிமே ஓசி வேலை வேணாம்."

"கில்பர்ட்டு, உங்கிட்ட எனக்கு எதுக்குடா காசு?"

"எடு. இல்லேன்னா இந்தப் பக்கம் வராதே."

கோடரி பிடித்துக் காய்த்துப்போன கைதான். ஆனாலும் அந்தக் காசு சுட்டது. ஆமியாஸ் எடுத்துக்கொண்டான். எடுக்காவிட்டால் நாளைக்கு அந்த வாசலை மிதிக்க முடியாதே.