ஐந்து வரிசைத் துளைகள்

இடுப்பை அளக்க மூன்று தடவை டேப் போட வேண்டும் என்பது படை மருத்துவ அறையின் விதி. தொப்புளுக்கு நேராக, வெறும் தோலின்மேல், மூச்சை இயல்பாக விட்ட பிறகு. மூன்று அளவுகளின் சராசரியே ஏட்டில் ஏறும். இருபது வருடமாக இதைச் செய்துவருபவளை எல்லோரும் டேப் அக்கா என்றார்கள். கூடப்பிறந்தவளே வந்து நின்றாலும் அரை அங்குலம் இறுக்கிப் பிடிக்கமாட்டாள் என்று பெயர்.

அன்று அவள் முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றவள் லாரிக்காரி. படையின் போக்குவரத்துப் பிரிவில் பதினொரு வருடம் கனரக லாரி ஓட்டியவள். பெண்களுக்கு வரம்பு முப்பத்தைந்து அங்குலம். மூன்று மாதத்துக்கு முன் அவளுக்கு வந்தது முப்பத்தேழு, இன்று முப்பத்தாறரை. இன்னும் மூன்று மாதத்தில் கடைசி அளவு. அதிலும் மிஞ்சினால் வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

“ஓட்டத்துல ஆம்பளைங்களையே மூச்சு வாங்க வச்சவ நீ. உனக்கு என்னடி ஆச்சு?” என்றாள் டேப் அக்கா.

லாரிக்காரி சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

ஆனதென்னவோ ஊரறிந்த கதைதான். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன் கர்ப்பம் என்று தெரிந்ததும் அவளை லாரியிலிருந்து இறக்கி, உதிரிபாகக் கிடங்கில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் மாதம் ஒரு முறை இடுப்பை அளந்து ஓர் அட்டையில் எழுதினார்கள். வரம்பு மிஞ்சியும் யாரும் முகம் சுளிக்காத காலம் அது ஒன்றுதான். அவளுக்கு அந்த எண்கள் பிடித்திருந்தன. கிடங்கில் அவள் அளவுக்குச் சீருடை இல்லை. கணவன் தையல்காரன்; அவளுடைய கால்சட்டையின் பின்தையலை மாதாமாதம் பிரித்து, துண்டு கொடுத்து, தளர்த்தித் தைத்துக் கொடுத்தான்.

எட்டாம் மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதுவரை பெயர் வைக்கவில்லை.

பிரசவமானவளுக்கு ஒரு வருடம் டேப்பும் கிடையாது, ஓட்டச் சோதனையும் கிடையாது. படிவத்தில் குழந்தை பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. குழந்தை இருக்கிறதா என்று கேட்கும் கட்டம் இல்லை. அதைக் கருணை என்றும் எடுத்துக்கொள்ளலாம், மறதி என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு முழு வருடமும் கிடைத்தது. அது முடிந்து முதல் அளவில் அவள் தோற்றபோது, பட்டறை மெக்கானிக் அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, சுமை ஏற்றி அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் ஸ்பிரிங் ஏன் தொய்ந்திருக்கிறது என்று கேட்கிற ஆபீஸ் இது என்றான். சொன்ன பிறகுதான் சுமை என்னவானது என்பது அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். அன்று முதல் அவளைக் கண்டால் லாரிக்கு அடியில் படுத்துவிடுவான்.

விடிந்ததும் அவள் ஓடப் போகிறேன் என்று ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புவாள். கணவன் தேநீர் போட்டு வைத்திருப்பான். அவள் வந்து குடிப்பாள், குளிப்பாள், வேலைக்குப் போவாள். இரண்டாம் அளவுக்குப் பிறகும் ஒரு மாதம் இப்படியே போனது. ஒருநாள் அவன் அந்த ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தான். அடிப்பாகம் தேயவே இல்லை.

“நீ ஓடல, இல்ல?”

மைதானத்துத் தண்ணீர்த்தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டு வருவதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

“வேலை போயிடும்மா.”

“தெரியும்,” என்று வயிற்றில் கை வைத்தாள். “அவ இருந்த இடம்னு இது ஒண்ணுதாங்க மிச்சம். இதையும் நானே ஓடிக் கரைக்கணுமா?”

இரண்டு நாள் வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டுமே கேட்டது. மூன்றாம் நாள் தையல் மெஷினின் இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய கால்சட்டையை எடுத்து, உள்பக்கம் வெளியே தெரியப் புரட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். பின்தையலுக்குப் பக்கத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக ஐந்து வரிசை ஊசித்துளைகள். ஒவ்வொரு மாதமும் பிரித்த தையலின் தடம். முதல் இரண்டும் சீருடைத் துணியில், மற்ற மூன்றும் அவன் சேர்த்த துண்டில்.

“எத்தன தடவ துவைச்சாலும் கெட்டித் துணியில ஊசி போன இடம் மூடாது,” என்றான். “இது நாலாம் மாசம். இது அஞ்சு.” எட்டாம் மாதத்துக்கு வந்ததும் அழுதுவிட்டான். அதுவரை அவன் அழுது அவள் பார்த்ததில்லை. துக்கம் தனக்கு மட்டும் என்று எண்ணியிருந்தது எவ்வளவு அநியாயம் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

மறுநாளும் அவள் படியில்தான் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் ஓடினாள். ஒரு சுற்றிலேயே வாந்தி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓடினாள். உடம்பு இறங்க இறங்க, எதையோ வழியெல்லாம் சிந்திக்கொண்டே போவது போல இருந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

கடைசி அளவில் முப்பத்தைந்தரை, முப்பத்தைந்து, முப்பத்துநாலரை என்று வந்தது. டேப் அக்கா இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். சரியாக முப்பத்தைந்து.

“பழையபடி ஆயிட்டடி,” என்று சொல்லிக் கோப்பை மூடப் போனாள். மூடினால் உள்ளே இருக்கும் தாள்கள் கிழிப்பு மெஷினுக்குப் போகும். லாரிக்காரி அந்த மாதாந்திர அட்டையைக் கேட்டாள். ஆபீஸ் காகிதம் தரக் கூடாது என்றாள் டேப் அக்கா. தரவும் இல்லை. ஆனால் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அட்டையிலிருந்த ஐந்து எண்களையும் நிதானமாக, ஒவ்வொன்றாக வாசித்தாள். பிறகு கோப்பை மூடினாள்.

மறுபடி லாரி ஓட்டப் போகும் நாளுக்கு அந்தப் பழைய கால்சட்டையே வேண்டும் என்று அவள் கணவனிடம் கேட்டிருந்தாள். அவன் முதல் தையலிலேயே பிடித்துக் கொடுத்தான். அவள் அதன் இடுப்புப் பட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

“மிச்சத் துணிய வெட்டலயா?”

“உள்ள மடிச்சுத் தச்சிருக்கேன். சீட்டுல உக்காந்தா உறுத்தும்.”

“உறுத்தட்டும்,” என்றாள்.