டாக்டர் வசுமதியும் எங்கள் தெரு முழங்கால்களும்

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கீழ்வேளூர் ஸ்டேஷன் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போன் போட்டேன். காலடியில் ஒரு சாக்கு நொச்சி இலை. எந்த வண்டியில் ஏற்றி வரட்டும் என்று டாக்டர் வசுமதியிடம் கேட்க வேண்டும். ஆய்வுக்கூட உதவியாளர் செல்வம்தான் எடுத்தார். "டாக்டரம்மா காலமாயிட்டாங்கண்ணே. விடியக்காலையில. மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிடுச்சாம்" என்றார். நான், "சரி தம்பி, அப்ப இலையைப் பத்து மணி வண்டியில கொண்டாரட்டுமா?" என்று கேட்டேன். இலை வாடிப்போகும் என்று வேறு சொன்னேன். பூத் வைத்திருப்பவர்தான் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்தார்.

இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, எங்கள் வாய்க்கால் கரையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தவர் டாக்டரம்மா. வயது ஐம்பது. எனக்கு ஐம்பத்தொன்பது, சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, சொன்னால் கேட்காத குணம் இருக்கிறது. வரிசை என்று ஒன்று இருந்தால் அதில் அவருக்கு வெகுமுன்னால் நின்றவன் நான். எப்படி இது நடந்தது என்று இன்னமும் எனக்குப் பிடிபடவில்லை.

அவர் வேலை பார்த்த கல்லூரியில் அவருக்காகப் போடும் நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்றார்கள். இந்த மலரில் எழுதுகிற மற்றவர்கள் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் இருக்கும். நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்த குத்தகை விவசாயி. படித்தவரைக்கும் அழுத்தமாகப் படித்தவன். அவரை அறியாத யாராவது படிக்கலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். டாக்டர் வசுமதி மருந்தியல் பேராசிரியர். வலியும் வீக்கமும்தான் அவருடைய ஆராய்ச்சி. நம் வேலியில் நிற்கும் செடிகளில் எது நிஜமாகவே வீக்கத்தை வற்ற வைக்கிறது, எது வற்ற வைப்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம் என்று பிரித்துப் பார்ப்பது அவர் வேலை.

அவரை நான் சந்தித்ததற்குக் காரணம் என் வயிறு. நாற்றங்காலில் இடுப்பு பிடித்துக்கொண்டால் டீக்கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் சிவப்பு மாத்திரை இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்வேன். சிங்கப்பூரிலிருந்து பையன் அனுப்பும் தைலத்தையும் தடவுவேன். ஊரில் பாதி வீட்டில் இதுதான் வைத்தியம். ஒருநாள் ரத்தமாக வாந்தி எடுத்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வலி மாத்திரையால் வயிறு புண்ணானவர்களைக் கணக்கெடுக்க வந்தார் டாக்டரம்மா. படுத்த படுக்கையிலேயே அவருக்கு நான் பாடம் நடத்தினேன். என் மனைவி சரோஜாவின் முழங்கால் வீக்கத்தை நொச்சி எண்ணெய் போட்டுப் பத்தே நாளில் இறக்கியவன் நான் என்றேன். அத்தனையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "போடாம இருந்திருந்தா பதினோராம் நாள் இறங்கியிருக்காதுன்னு எப்படிண்ணே தெரியும்?" டிஸ்சார்ஜ் ஆன அன்றே வீட்டுக்கு வந்து சரோஜாவிடம் கேட்டேன். அந்தப் பத்து நாளும் நடவு இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றாள்.

அதை டாக்டரம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன்; அப்படித்தான் நான் அவருடைய ஆளானேன். எங்கள் தெருவில் ஒரு நடவு செட்டு உண்டு. முப்பத்தெட்டுப் பெண்கள், அதில் வீங்காத முழங்கால் அபூர்வம். அவர்களுக்குத்தான் பரிசோதனை. இரண்டு எண்ணெய். ஒன்றில் நொச்சிச் சத்து. இன்னொன்றில் மருந்து இல்லை, ஆனால் நிறமும் வாசனையும் ஒன்றே. பாட்டிலில் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். எந்த எண்ணில் எது என்ற விவரம் வேறொரு பேராசிரியரிடம் ஒட்டிய உறையில் இருந்தது. டாக்டரம்மா கோயில் வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து, "ஒண்ணுல மருந்து இருக்காது. யாருக்கு எது வருதுன்னு எனக்கே தெரியாது. இஷ்டம் இருந்தா மட்டும் சேருங்க" என்று ஒளிக்காமல் சொன்னார். எல்லோரும் சேர்ந்தார்கள். சரோஜா நாடாவால் முழங்காலை அளப்பாள். நான் மரியாதையாக முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டில் எழுதுவேன். வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். செட்டுத் தலைவி அஞ்சம்மாள், "நாத்துப் பறிச்சா ஆறு, நட்டா எட்டு, எம் மாமியாரு வந்தா பத்து" என்றாள். அதையும் எழுதிவிட்டேன். நோட்டைப் பார்த்த டாக்டரம்மா, மாமியார் வந்த தேதியையும் பக்கத்தில் போடச் சொன்னார்.

இதற்கிடையில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் காரில் வந்து இறங்கினார். மூலிகை என்று எழுதினால் எதுவும் விற்கும் காலம். டாக்டரம்மா பெயரோடு 'நிரூபிக்கப்பட்டது' என்று பாட்டிலில் போட வேண்டுமாம். இலை சப்ளை எனக்குத்தான் என்று சொன்னதும் மனசுக்குள் நான் ஒரு மாடி கட்டி, பெயின்ட்கூட அடித்துவிட்டேன். டாக்டரம்மா அவருக்குக் காபி கொடுத்து, "எனக்கு இன்னும் தெரியாதுங்களே" என்று சொல்லி அனுப்பினார். தெரியாது என்பதை இவ்வளவு நிம்மதியாகச் சொன்ன படித்தவரை நான் பார்த்ததே இல்லை.

இனி நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். நடவுப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் வரப்பில் உட்காரும்போது அவரவர் கொண்டுவந்த குழம்பை ஒரே சட்டியில் ஊற்றிக் கலந்துவிடுவார்கள். ஒருத்தி வீட்டில் கருவாடு இருக்கும், இன்னொருத்தி வீட்டில் வெறும் புளித்தண்ணீர். கலந்துவிட்டால் எல்லோருக்கும் கருவாட்டு வாசனை. இரண்டாம் மாதப் பாட்டில்களைக் கொடுத்த அன்று அஞ்சம்மாள் ஓர் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள். முப்பத்தெட்டுப் பாட்டிலையும் அதில் கவிழ்த்து, ஒரு கிண்டு கிண்டி, திரும்ப ஊற்றினார்கள். புனலைப் பிடித்தது யார்? நான்தான். சிந்தக் கூடாதே என்ற கவலை மட்டும்தான் அப்போது எனக்கு இருந்தது. மூன்றாம் மாதமும் அப்படியே.

உறையைப் பிரிக்க ஒரு வாரம் இருந்தது. இதன் முடிவை வெளிநாட்டு மாநாடு ஒன்றில் படிக்க டாக்டரம்மாவை அழைத்திருந்தார்கள்; பாஸ்போர்ட்கூட எடுத்துவிட்டார். "எல்லா நம்பருக்கும் ஒரே மாதிரி குறையுதே, அதான் புரியல" என்று அவர் நோட்டைப் புரட்டியபோதுதான் எனக்கு அந்த அண்டா ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பையன் போனில், "வாயை மூடிட்டு இருங்கப்பா" என்றான். மூன்றாம் நாள் ரயில் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டேன், புனல் உட்பட.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "முதல் மாசம் கலக்கலையே?" என்று மட்டும் கேட்டார். பிறகு நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையில் 'எண்ணெய் கலந்தது' என்று எழுதித் தேதி போட்டார். கிழித்துப் போட்டுடலாமே டாக்டரம்மா என்றேன். "இதுவும் நடந்ததுதானேண்ணே. நடந்ததை வெச்சுக்கணும்" என்றார். ஒரு வருஷ உழைப்பு. மாநாட்டுப் பயணமும் போயிற்று. ஆனால் அடுத்த வாரமே ஊருக்கு வந்து அஞ்சம்மாளிடம் ஏன் கலந்தீர்கள் என்று கேட்டார், பாடம் கேட்கிறவர் மாதிரி. "ஒரே சேத்துல நிக்கிறோம். இவ முட்டிக்கு மருந்து, எம் முட்டிக்கு வெறும் எண்ணெய்யா? அது எப்படிம்மா வாங்கிக்கிறது?" என்றாள் அவள். டாக்டரம்மா, "உங்க மேல தப்பில்ல. இதைக் கேக்காம வந்தேன் பாருங்க, அதான் தப்பு" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து புதுத் திட்டம் போட்டார். எங்கள் செட்டு முழுவதற்கும் ஓர் எண்ணெய், பக்கத்து ஊர் செட்டு முழுவதற்கும் மற்றது. மூன்று மாதம் கழித்து இடைவெளி விட்டு மாற்றிக்கொள்வது. யார் யாரோடு கலந்தாலும் கெடாது. கடைசியில் எல்லோருக்கும் இரண்டும் கிடைத்துவிடும். அஞ்சம்மாள், "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே தாயி" என்றாள். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தப் பரிசோதனை முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. எந்த ஊருக்கு எது முதலில் என்று எழுதி ஒட்டிய புது உறை பிரிக்கப்படவில்லை. நொச்சி கேட்குமா கேட்காதா என்று இத்தனை வருஷம் தேடியவர், அது தெரியாமலே போய்விட்டார். இதை எழுதும்போதும் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு வந்து, அப்புறம் திடுக்கென்கிறது. அவருடைய துறையைச் சேர்ந்தவர்கள் வேலையை நிறுத்த வேண்டாம், எழுதிக்கொண்டே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன ஞாயிறு அளவெடுக்கும் நாள். கோயில் வாசலில் முப்பத்தெட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சம்மாள்தான் ஆரம்பித்தாள். "மாமா, அந்த மகராசிக்கு நாம வேற என்ன செய்ய முடியும்? எல்லாருக்கும் குறைஞ்சிடுச்சுன்னு எழுதிடுங்க." மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் பேனா மூடியைத் திறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், வீட்டிலிருந்து வரும்போதே எனக்கும் அதே எண்ணம்தான்.

"அந்த அம்மா அப்படிக் கேக்கலையே அஞ்சம்மா" என்றேன்.

"பின்ன என்ன கேட்டாங்க?"

"குறைஞ்சுதா, இல்லையான்னுதான் கேட்டாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காலை நீட்டினாள். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சரோஜா நாடாவைச் சுற்றி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, அளவைச் சொன்னாள். போன மாதத்தைவிடக் கால் அங்குலம் கூடுதல்.

டாக்டர் வசுமதி எனக்கு விட்டுப்போனது இதுதான்: ஆசைப்பட்டதை எழுதாமல் இருப்பதை எழுதுவது. அந்தக் கால் அங்குலத்தையும் எழுதினேன். எண் தெளிவாகத்தான் விழுந்திருக்கிறது.