செப்புக்குழி மேடும் எங்கள் அக்கா அவர்களின் கிணறும்

ஓராண்டு நினைவு நாளில் இம்மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், எழுத்தைத் தானே கூட்டிப் படித்துக் கற்ற தம்பி ஒருவன் எழுதுவது.

எங்கள் அக்கா அவர்கள் தளவானூரில் உழவர் குடியில் மூத்த மகளாகத் தோன்றினார். தாயார் விரைவில் மறைந்தமையால் எனக்குத் தலை வாரியவரும், அடித்தவரும், அழுதால் அணைத்தவரும் அவரே. மணமாகிச் செஞ்சிக்கு மேற்கே புகுந்த வீடு சென்றபோது என்னையும் கையோடு அழைத்துச் சென்றார். சீர்வரிசையோடு வந்து இறங்கிய மச்சான் என்று ஊரார் என்னைக் கேலி செய்வர்.

அக்காவின் கணவரான மாமா அவர்களின் நிலம் ஒரு பாறை மேட்டின் அடியில் இருந்தது. அம்மேட்டிற்குச் செப்புக்குழி என்று பெயர். முட்புதருக்குள் ஒரு வாய், சரிந்து இறங்கும் இருட்டு, அடியில் தண்ணீர். கோட்டை ராஜாவின் பீரங்கிக்கு இங்கிருந்துதான் செம்பு சென்றது என்பர் சிலர். உள்ளே நடந்தால் கோட்டைக்கே போய்ச் சேரலாம் என்பர் வேறு சிலர். அக்கா அவர்கள் இரண்டையும் நம்பியதில்லை. “வழி இருந்தா வவ்வாலு எதுக்கு இப்படியே திரும்பி வருது?” என்று கேட்பார்.

அந்நிலம் மழையை மட்டுமே நம்பியது. பல கோடைகள் பாறையை உடைத்து அக்காவும் மாமாவும் இருவருமாகக் கிணறு வெட்டினர். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் அக்கா அவர்கள் கூடை சுமந்தார். அறுபதுகளின் தொடக்கத்தில் ஊற்றுக் கண் திறந்தது. அதுவரை மல்லாட்டை எனும் நிலக்கடலை மட்டுமே கண்ட நிலத்தில் அவ்வாண்டு நெல்லும் விளைந்தது.

சில ஆண்டுகளில் அரசாங்கத்தார் ஜீப்பில் வந்து இறங்கினர். கைவிடப்பட்ட அச்சுரங்கத்தில் இன்னும் உலோகம் மிச்சம் உண்டா என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். பாறை துளைக்கும் இயந்திரமும் கூடாரங்களும் வந்தன. மாமா அவர்கள் கூலிக்குச் சேர்ந்தார். காக்கிச் சட்டை கிடைத்தது. சுரங்கம் திறந்தால் நிரந்தர உத்தியோகம் என்ற ஆசையும் உடன் வந்தது.

நிலவியல் அதிகாரி பொறுமைசாலி. துளைத்து எடுத்த உருளைக் கற்களை அடுக்கிவைத்து, கேட்டவர்க்கெல்லாம் விளக்குவார். இப்பாறை மிகப் பழமையானது. பூமிக்குள் வெந்து மடிந்தது. மடிப்புகளின் இடையே செம்பும் ஈயமும் துத்தநாகமும் கலந்த தாது மெல்லிய பட்டையாக ஓடுகிறது என்றார். பித்தளை போல் மின்னியது செம்புத் தாது. கருத்துப் பளபளத்தது ஈயத் தாது. முன்னோர் வெடிமருந்து இன்றிப் பாறையைத் தீயிட்டுச் சுடவைத்து, நீர் ஊற்றிப் பிளந்தனராம். சுவரில் கரி இன்னும் படிந்திருந்தது. நாங்கள் எரிந்த கல் என்று எண்ணியிருந்த கருங்கட்டிகள், அவர்கள் தாதுவை உருக்கி எறிந்த கிட்டம் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

“எந்த ராஜா காலம் சார்?” என்றார் மாமா.

“தெரியலைப்பா. கோட்டைக்கு முந்தியும் இருக்கலாம். தண்ணி ஊறினதும் இறைக்க முடியாம விட்டுட்டுப் போயிருப்பாங்க.”

அந்தத் தண்ணீரை இவர்கள் எஞ்சின் வைத்து இறைத்தனர். எங்கள் கிணற்றில் நீர் இறங்கத் தொடங்கியது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், நீர் இறைக்கும் சால் கிணற்றின் தரையைத் தட்டியது. அக்கா அவர்கள் நேரே கூடாரத்திற்குச் சென்றார். நானும் பின்னால் ஓடினேன்.

“சார், நீங்க எறைக்கிறது எங்க கெணத்துத் தண்ணி.”

அதிகாரி மறுக்கவில்லை. “ஆமாம்மா. பாறை வெடிப்பு வழியா ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்ப செம்பு கெடச்சிட்டா?”

“சுரங்கம் நடக்கிற வரைக்கும் எறைச்சுக்கிட்டேதான் இருக்கணும். கிணத்துல தண்ணி நிக்காதும்மா.”

வீட்டில் மாமா அவர்கள், “கெணறு போனா போவுது, கவுர்மெண்ட்டு சம்பளம் வரும் இல்ல?” என்றார்.

“சம்பளத்த ஊத்தி நாத்து விடுவீங்களா?” என்றார் அக்கா.

அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குச் சென்றோம். திரும்பும் பஸ்ஸில் மாமா மெல்லக் கேட்டார்: “ஆத்தாகிட்ட இன்னா வேண்டிக்கின?”

“நீங்க மொதல்ல சொல்லுங்க.”

“செம்பு கெடச்சா ஒரு கெடா வெட்டறேன்னு.”

“நான் கெடைக்கலன்னா எலுமிச்சம்பழ மாலை போடறேன்னு.”

முன் இருக்கையிலிருந்த அம்மாள் திரும்பி, “ஐயய்யோ, ஆத்தா எந்தப் பக்கம்தான் சாயுவா? கெடாவுக்கு எலுமிச்சம்பழம் ஈடாவுமாடி?” என்றார். பஸ்ஸே சிரித்தது. அக்கா அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அறுவடைக்கு முன் ஒரு காலையில் அதிகாரி எங்கள் வீட்டு வாசலில் தயங்கி நின்றார்.

“வருத்தமான சேதிம்மா. ஆழம் போகப் போக பட்டை மெலிஞ்சு அத்துப்போச்சு. தோண்டினா கட்டுபடியாகாது. நாங்க கிளம்புறோம்.”

“எஞ்சின நிறுத்திடுவீங்களா சார்?”

“நிறுத்திட்டுத்தாம்மா வர்றேன்.”

அக்கா அவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி பதறி ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அதற்குள் அக்கா உள்ளே சென்றுவிட்டார்; வெல்லம் தட்டும் ஓசை கேட்டது.

“எத்தனையோ ஊர்ல இந்தச் சேதி சொல்லியிருக்கேன். பாயசம் குடுத்தது இங்கதான்” என்றார் அவர், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. மாமா அவர்களுக்கு அதிகாரி மேல் கோபம். ஆயினும் பாயசத்தின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. இருமுறை வாங்கிக் குடித்தார். பின்னாளில், “ஆத்தா எனக்கு ஒரு கெடாவ மிச்சம் பண்ணிட்டா” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நீர் உடனே ஏறிவிடவில்லை. கிணற்றின் படிகள் ஒவ்வொன்றாக மூழ்குவதை விடியற்காலையில் எட்டிப் பார்த்து நின்ற அக்கா அவர்களின் முகம் இன்றும் என் கண்முன் உள்ளது. மேட்டுப் பயிர் கருகிற்று. பள்ளத்துப் பயிர் பிழைத்தது. அந்நீரில்தான் அவர் மூன்று பிள்ளைகளையும் என்னையும் ஆளாக்கினார். மாமா அவர்கள் மறைந்த பின்னும் அந்நிலத்தை ஒரு பருவம்கூடத் தரிசு போட்டதில்லை. சென்ற ஆண்டு, பெரிய துன்பம் ஏதுமின்றி, பிள்ளைகள் சூழ இருக்கையில் கண்மூடினார். அவ்வகையில் எங்கள் மனம் ஆறியுள்ளது.

கடைசி வாரத்தில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த அண்டை வீட்டுப் பெண்களுக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட நர்ஸ் அம்மாவுக்கும், தோள் கொடுத்த இளைஞர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து துக்கத்தில் பங்குகொண்ட அனைவருக்கும் எங்கள் நன்றி. இன்னும் ஒருவர் உள்ளார். இருக்கின்றாரோ இல்லையோ அறியோம். இம்மலர் அவர் கைக்குச் செல்லப்போவதும் இல்லை. எங்கள் பூமிக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிச் சென்ற அந்த அதிகாரிக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம் உரியதாகுக.