மாமி வெட்டாத முகமூடி

அப்பாவின் அக்கா, என் மாமி, எங்களோடுதான் இருந்தார். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், மூன்றாம் மாடி வீட்டில், எனக்கும் அவருக்கும் ஒரே அறை. நான் கண் விழிப்பதற்கு முன்பே மாமி சென் லோரன் பகுதிக்குப் பஸ் ஏறிவிடுவார். அங்கே படங்களுக்கும் நாடகங்களுக்கும் உடுப்பு வாடகைக்கு விடும் பெரிய கிடங்கொன்றில் அவருக்குத் தையல் வேலை. ராணிகளின் பாவாடைகளை இறுக்குவதும், குண்டு பட்டு இறந்த வீரர்களின் சட்டை ஓட்டைகளை அடுத்த படத்துக்காக அடைப்பதும் என் மாமிதான் என்று வகுப்பில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். மாமி ரஷ்யாவில் படித்தவர் என்பதும் எனக்குத் தெரியும். என்ன படித்தார் என்று கேட்டதில்லை. ரஷ்யாவுக்குப் போனவர் ரஷ்ய மொழியைத்தானே படித்திருப்பார்.

எனக்குப் பத்து வயதானபோது ஒருநாள், ஆசிரியர்களுக்குக் கூட்டமென்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் லீவு கிடைக்கவில்லை. மாமி என்னையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதில் எனக்கொரு பெருமை இருந்தது. கிடங்கின் பொறுப்பாளரான மதாம் பிரெஞ்சில் படபடவென்று பேசுகிறவர். மாமியின் பிரெஞ்சோ நூல், ஊசி, கத்தரிக்கோலைத் தாண்டிப் போகாது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்க என்னைவிடத் தகுதியான ஆள் மொன்றியலில் இல்லை என்பது என்னுடைய உறுதியான எண்ணம்.

பத்து மணியளவில் மதாம் ஒரு மரப்பெட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து மாமியின் மேசைக்குப் பக்கத்தில் விட்டார். யாரோ ஒருவர் வீட்டைக் காலி பண்ணும்போது மொத்தமாக வாங்கியதாம். மூடியில் ‘தீயணைப்பு உடுப்பு’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. உள்ளே இறப்பர் முகமூடிகள், பச்சைநிற இறப்பர் துணியில் தைத்த இரண்டு முழு உடுப்புகள். வேற்றுக்கிரகவாசிகள் வரும் படமொன்றுக்கு அவசரமாக உடுப்புத் தேவை என்றார் மதாம். முகமூடிகளின் கண் பகுதியை வெட்டியெடுத்து உடுப்புகளின் தலையில் சேர்த்துத் தைக்க வேண்டும்.

நான் தமிழில் சொன்னேன். மாமி தலையாட்டிக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தார். முதல் முகமூடியைத் தூக்கியதும் கத்தரிக்கோலைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டார்.

அது தலை முழுவதையும் மூடுகிற ஒரு வெளிறிய இறப்பர் உறை. வட்டமாக இரண்டு கண்ணாடிகள், வாய்ப் பக்கத்தில் நேராகப் பூட்டிய ஒரு தகரப் பெட்டி. உச்சி நெற்றியிலே விரல் நீளத்துக்கு ஒரு இறப்பர்க் கொம்பு. இப்படியொன்று கிடைத்தால் வேற்றுக்கிரகவாசிக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். மாமி தகரப் பெட்டியை யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, நான் இதை வெட்டமாட்டன் எண்டு சொல்லு.”

மாமி ஒருவருக்கும் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. பக்கத்து மேசைக்காரி தன் வேலையைத் தள்ளிவிட்டுப் போனாலும் செய்து கொடுத்துவிட்டு வருகிறவர். மதாம் கோபப்பட்டு மாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் என்ன செய்வது? மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பை அந்த இடத்தில் நானே கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டேன்.

“மாமிக்குக் கை நோகிறதாம்” என்றேன் பிரெஞ்சில்.

மதாம் இரக்கத்தோடு, அப்படியானால் வேறு யாராவது வெட்டட்டும் என்று முகமூடிக்குக் கை நீட்டினார். மாமி அதை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நொன்” என்றார், பிரெஞ்சிலேயே.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்துத் தையல் மெஷின்கள் நின்றன. மதாமின் முகம் சிவந்தது.

“இது நெருப்பு அணைக்கிற ஆக்களின்ர இல்லை, ரஷ்யாப் பட்டாளத்தின்ர. நான் இறப்பர் படிச்சனான், எனக்குத் தெரியும். அப்பிடியே சொல்லு” என்றார் மாமி. “கை, கால் ஒண்டும் நோகேல்லை எண்டும் சொல்லு.”

இறப்பர் என்றதும் எனக்குப் பென்சில் எழுத்தை அழிக்கிற இறப்பர்தான் ஞாபகம் வந்தது. “என் மாமி அழிறப்பர் படித்தவர்” என்று மதாமுக்கு அறிவித்தேன். மதாம் என்னையும் மாமியையும் மாறிமாறிப் பார்த்தார். என் மொழிபெயர்ப்பின் லட்சணம் மாமிக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தவர், சாயம் போடும் தொட்டியடியில் கிடந்த மஞ்சள் நிற இறப்பர்க் கையுறையை எடுத்துவந்தார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஊதி, ஆவி படியவைத்தார். முகமூடியின் நெற்றிக் கொம்பைத் தொட்டுக் காட்டினார். பிறகு கையுறையைக் கண்ணாடிமேல் இழுத்துப் பிடித்து, அதன் விரலொன்றை வெளியிலிருந்து உள்ளே தள்ளி, அந்த விரலாலேயே கண்ணாடியைத் துடைத்தார். நச்சுப்புகைக்குள் நிற்கிறவன் முகமூடியைக் கழற்ற முடியாது. அவன் மூச்சால் கண்ணாடி மங்கினால் உள்ளே துடைப்பதற்குத்தான் அந்தக் கொம்பு.

அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மதாம் “ஆ!” என்று கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு மாமி பெட்டியைக் கவிழ்த்துப் பிரிக்கத் தொடங்கினார். நான் கிட்டப் போனதும், “தள்ளி நில் பிள்ளை, உதுகளைத் தொடாதை. சில டப்பாவுக்குள்ள அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஒருத்தரும் மூச்சு எடுத்துப் பாக்கக் கூடாது எண்டு சொல்லு” என்று அதட்டினார். இந்தத் தடவை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். நெளிநெளியான குழாய் பூட்டிய முகமூடிகள் ஒரு பக்கம், கொம்பு வைத்தது தனியாக இன்னொரு பக்கம். சப்பாத்தோடு சேர்த்துச் செய்த காற்சட்டையும் தொப்பி வைத்த சட்டையுமான அந்தப் பச்சை உடுப்புகள் குழாய் முகமூடிகளின் பக்கம் போயின. கொம்பு முகமூடியைப் போட்டவன் இந்த உடுப்பைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டான், இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ வருடங்கள் இருக்கின்றன என்றார். பெட்டிக்குள் அகப்பட்ட எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்க இருந்த மதாம் நான் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குப் பிறகு, பழைய போர்ச் சாமான்களைப் பார்த்து மதிப்புச் சொல்லும் ஒருவரை மதாம் வரவழைத்தார். தலையில் தொப்பி போட்ட, வெள்ளைத் தாடி வைத்த பெரிய மனிதர். வந்தவுடனே, கொம்பு முகமூடி பிந்திய காலத்தில் செய்த போலியாக இருக்கும் என்று பிரெஞ்சில் சொன்னார். நான் அதை மாமியிடம் சொல்லி முடிப்பதற்குள் மாமி அவரைப் பார்த்து ஏதோ கேட்டார். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, அதே மொழியில் பதில் சொன்னார். அவருடைய தாய் ரஷ்யக்காரியாம்.

அவ்வளவுதான், என் உத்தியோகம் போயிற்று. இரண்டு பேரும் ரஷ்ய மொழியில் பேசப் பேச நான் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் மெல்லிய குரலில் கதைக்கும் மாமி அங்கே கையை வீசி வாதாடினார். தகரப் பெட்டியில் குத்தியிருந்த ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் விரலை வைத்தார். வந்தவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். புரட்சிக்குப் பிறகு ரஷ்யர்கள் சொற்களின் முடிவில் எழுதாமல் விட்டுவிட்ட எழுத்தாம் அது. நிமிர்ந்தபோது அவர் தன் தொப்பியைக் கழற்றியிருந்தார். மாமி சொன்னது சரி, இது முதலாம் உலகப்போர்க் காலத்து முகமூடிதான் என்று மதாமிடம் பிரெஞ்சில் சொன்னார். அதைப் பக்கத்து மேசைக்காரிக்கும் கேட்கும்படி நான் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். யாரும் கேட்காமலே செய்த மொழிபெயர்ப்பு அது.

வந்தவர் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, கண்டுபிடித்தவரே விவரம் எழுத வேண்டும் என்று மாமியிடம் நீட்டினார். மாமி ரஷ்ய மொழியில் எழுதினார், அவர் அதன் கீழே பிரெஞ்சில் எழுதினார். கடைசி வரியில் அடையாளம் கண்டவரின் பெயர் கேட்டிருந்தது. மாமி தன் பெயரை எழுதி, கொஞ்சம் யோசித்து, அதற்குப் பின்னால் ரஷ்ய எழுத்தில் இன்னொரு சொல்லையும் எழுதினார்.

“மாமி, பேர் மட்டும்தான் கேட்டிருக்கு” என்றேன். பிழை திருத்துவதில் எனக்கிருந்த ஆர்வம் இன்னும் அடங்கவில்லை. “பின்னால என்ன எழுதியிருக்கிறீங்கள்?”

“அதும் என்ர பேர்தான்” என்றார் மாமி.

அந்தச் சொல் ‘பொறியியலாளர்’ என்பதையும், லெனின்கிராட்டில் ஐந்து வருடம் இறப்பர்த் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவரிடம் இந்த ஊரில் அதுவரை ஒருவரும் அது பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பதையும் நான் அறிய இன்னும் பல வருடங்கள் இருந்தன. அன்று இரவுச் சாப்பாட்டின்போது, முகமூடியின் கதை முழுவதையும் நான்தான் சொன்னேன். தொப்பி கழற்றிய இடத்தை இரண்டு தரம் சொன்னேன். முடிவில், பெரிய இரகசியத்தை வெளியிடுகிறவளாக, “மாமிக்கு ரஷ்யாவில வேற ஒரு குடும்பப் பேர் இருக்கு, அதையும் எழுதிக் குடுத்தவ” என்றேன்.

அம்மா அகப்பையோடு அப்படியே நின்றார். “என்ன மச்சாள், எங்களுக்குச் சொல்லாமல் அங்க ஆரையும் கட்டினீங்களோ?”

அப்பா சிரித்தார், அம்மா சிரித்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது மாமிதான். சிரிப்பை அடக்க முடியாமல் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து குசினிக்குள் போனார். அவர் திரும்பி வர வெகுநேரமாயிற்று. என் பகிடி அவ்வளவு நல்ல பகிடி என்று நினைத்துக்கொண்டு, அவருடைய சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த மீன் பொரியலையும் நானே எடுத்துச் சாப்பிட்டேன்.