அக்கா பக்கத்துப் பிரேக்

பெருமைக்காகச் சொல்லவில்லை என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கைகால் உதறுகிறவர்களை எல்லாரும் கடைசியில் அவளிடம்தான் அனுப்பிவைப்பார்கள். புருஷனிடம் கற்றுக்கொள்ளப் போய்ப் பேச்சுவார்த்தையே நின்றுபோனவர்கள், ஓய்வு பெற்றபிறகு ஆசை வந்தவர்கள், ஒருமுறை இடித்துவிட்டுச் சாவியையே தொடாதவர்கள். நான் அவள் தம்பி. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் அவள் கற்றுக்கொடுக்கிற காரைப் பழுதுபார்ப்பது என் வேலை. அவள் பேச்சைக் கேட்பது கூடுதல் வேலை.

அக்காவுக்கு மனோதத்துவப் புத்தகம் என்றால் உயிர். நூலகத்தில் அந்த அலமாரியையே கரைத்துக் குடித்துவிட்டாள். படித்ததை அங்கேயே விட்டுவிட்டு வருகிற ஆளும் இல்லை. வீட்டில் நான் எரிந்து விழுந்தால், "இது கோபமா, பசியாடா?" என்று கேட்பாள். பெரும்பாலும் பசிதான். வண்டியில் ஏறுகிறவர்களிடம், "இப்போ பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேட்பாள். எந்த இடத்தில் மார்க் ஏறுகிறதோ அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பக் கூட்டிப்போவாள். பயத்தை விட்டு ஓடினால் அது வளரும், பக்கத்திலேயே உட்கார்ந்தால் அலுத்துப்போய் இளைக்கும் என்பது அவள் கட்சி.

இந்த வித்தை கணக்கு டீச்சர் ஒருவரிடம் மட்டும் பலிக்கவில்லை. டீச்சருக்கு வெளியூர்ப் பள்ளியில் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. அந்தப் பக்கம் காலையில் பஸ் கிடையாது. லைசென்ஸ் கிடைக்காவிட்டால் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். எத்தனையோ வருடம் ஏங்கிக் காத்திருந்த பதவி. பயிற்சியின்போது ரவுண்டானாவை அழகாகச் சுற்றி வருவார். டெஸ்ட்டில், அக்காவின் இடத்தில் அதிகாரி உட்கார்ந்தால், ரவுண்டானா வாசலிலேயே வண்டி அணைந்து நின்றுவிடும். மூன்று முறை ஃபெயில். பதவியில் சேர வேண்டிய நாளுக்குள் இன்னும் ஒரு டெஸ்ட்டுக்குத்தான் நேரம் இருந்தது.

மூன்றாவது முறை தோற்ற மறுநாள், காரை ஷெட்டுக்குள் ஏற்றினேன். கற்றுக்கொடுக்கிற காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், ஆபத்துக்கு உதவட்டும் என்று. அக்கா பக்கத்துப் பெடலில் ரப்பர் வழவழவென்று தேய்ந்து இரும்பு எட்டிப்பார்த்தது. ஓட்டுகிறவர் பக்கத்து ரப்பரில் வரிகூட அழியவில்லை.

"அக்கா, இங்க வந்து பாரு. யாரு வண்டி ஓட்டக் கத்துக்கறது, நீயா அவங்களா?" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து அந்த ரப்பரைத் தடவிப் பார்த்தாள். கிரீஸ் படிந்த தரை என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தச் சுவத்துல இடிச்சதுக்கு அப்புறம்தான்டா" என்றாள்.

எனக்குத் தெரிந்த கதைதான். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பெண் திருப்பத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். அக்காவின் கால் போய்ச் சேருவதற்குள் வண்டி சுவரில் மோதி அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து அக்கா அந்தப் பெடலை விட்டுக் காலை எடுத்ததே இல்லை.

"நானே லேசா மிதிச்சுக்கிட்டு வர்றேன். காப்பாத்த ஒரு கால் இருக்குன்னு டீச்சரோட உடம்புக்குப் பழகிப்போச்சு. டெஸ்ட்ல அந்தக் கால் இல்லை. அதான் திகைச்சு நின்னுடறாங்க."

"இப்ப உன் பயத்துக்கு எத்தனை மார்க்கு?"

"பத்து" என்றாள்.

மறுநாள் காலை காலி மைதானத்தில் டீச்சரிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். நான் பின்சீட்டில் இருந்தேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை முறைத்தார்.

"அப்போ மூணு தடவை நான் ஃபெயில் ஆனதுக்கு நீங்கதான் காரணமாம்மா?"

"பாதி நான், டீச்சர்."

"மீதி?"

"மீதியை இன்னைக்குப் பாத்துடலாம்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். சீட்டைப் பின்னால் தள்ளிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அய்யய்யோ, காலைக் கீழ போடும்மா!"

"உங்க கால் இருக்கே டீச்சர். மார்க் சொல்லுங்க."

"எட்டரை." விடைத்தாள் திருத்திய கை, அரை மார்க்கையும் விடவில்லை.

"எனக்கு ஒன்பது. வண்டியை எடுங்க."

இப்படி இரண்டு பேரும் பயந்துகொண்டே ஓட்டக் கற்றார்கள். டீச்சர் போட்ட பிரேக்கில், பெல்ட் போட்டிருந்தும் என் குடல் வாய்க்கு வந்தது. ரோட்டுக்குப் போனதும் அக்கா காலைக் கீழே இறக்கினாள். ஆனால் பெடலின் மேல் அல்ல, பக்கத்தில். ரவுண்டானா வரும்போதெல்லாம் அவள் கால் கட்டைவிரல் துடிப்பதைப் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். அது பெடலுக்குப் போகவே இல்லை. என்னிடம் ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டைக் கேட்டிருந்தால், என்னால் ஆகாது சாமி என்று கைகூப்பியிருப்பேன்.

டெஸ்ட் அன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா வலது காலால் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தாள்.

"தரைக்கெல்லாம் ரப்பர் மாத்த என்னால முடியாதுக்கா" என்றேன். முதுகில் ஒன்று வைத்தாள். காலையும் எடுத்துக்கொண்டாள்.

கார் ரவுண்டானா வாசலில் நின்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கார் மெல்ல நகர்ந்து, ரவுண்டானாவைச் சுற்றி, எங்களிடம் வந்து நின்றது.

டீச்சர் கதவைத் திறந்து ஓடிவந்தார். "ஒரு சைக்கிள்காரர் குறுக்க வந்துட்டாரும்மா. நான்தான் பிரேக் போட்டேன்! நானே போட்டேன்!"

அக்கா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாஸா ஃபெயிலா என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. பின்னால் வந்த அதிகாரிதான், "பாஸ்மா, பாஸ்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

டீச்சர் இப்போது தலைமை ஆசிரியை. தினமும் தானே ஓட்டிப் போகிறார். போன வாரம் பயிற்சிக் காரை மறுபடி ஷெட்டில் ஏற்றினேன். அன்று நான் புதிதாக மாற்றிய அக்கா பக்கத்து ரப்பர் போட்டபடியே இருக்கிறது. ஓட்டுகிறவர் பக்கம்தான் தேய்ந்து இரும்பு தெரிகிறது. புதிது மாட்டிவிட்டுத் தேய்ந்ததைத் தூக்கிப்போட மனசில்லாமல் ஷெட் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால், என் அக்கா வாங்கின மெடல் என்பேன்.