பந்தயத்தில் டபுள்ஸ்

பேய், பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்துபோய் பீடி பற்றவைக்கிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள், சிரியுங்கள், என் மூஞ்சிக்கு அது பழக்கம்தான்.

காவாந்தண்டலத்தில் அந்தப் பொங்கலுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். ஏரியை நீந்திக் கடந்து, ஈரத்தோடு சைக்கிளில் மாகறல் போய்த் திரும்பி, அப்புறம் ஊரைச் சுற்றி ஓட வேண்டும், மூன்றும் ஒரே மூச்சில். ஜெயித்தால் புது சைக்கிள். ரைஸ் மில்லுக்குத் தினமும் நடந்தே தேய்ந்த கால் எனக்கு, அந்த சைக்கிள் எப்படியாவது வேண்டும்.

ஏரி நடுவில் என் காலை ஒரு கை பிடித்தது. என் பெண்டாட்டியின் தம்பி கண்ணன் வேலைதான் என்று கெட்ட வார்த்தையில் திட்டி உதைத்துவிட்டு நிமிர்ந்தால், அவன் அந்தப் பக்கம் கரையேறிக்கொண்டிருக்கிறான்.

சரி, பாசிக்கொடி என்று நினைத்துக்கொண்டு வாடகை சைக்கிளில் ஏறினால், மிதிக்கவே முடியவில்லை. பயல் பிரேக்கை இறுக்கிவிட்டானோ என்று இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றினேன், பம்பரமாய்ச் சுற்றுகிறது. ஏறினால் மறுபடி நெல்மூட்டை கனம். எதிரே வந்த பால்காரர் கத்தினார்:

"இன்னாய்யா, பந்தயத்துல டபுள்ஸ் அடிச்சிக்கினு போற?"

கண்ணன் ஏற்பாடு பண்ணிய ஆள் என்றே நினைத்தேன். மாகறலில் கொடி பிடித்து நின்றவனும் அதையே கேட்டான். திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. நம்பினால் நம்புங்கள், உச்சி வெயிலில் என் துணியெல்லாம் காய்ந்து மொடமொடவென்று இருக்க, கேரியரிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டுகிறது.

ஊர் திரும்பினால், பந்தயம் நடத்திய டிரில் வாத்தியார் விசிலை ஊதி மறித்தார்.

"யோவ், ஆள ஏத்திக்கினு வந்தியாமே? பாத்தவன் எல்லாம் சொல்றான். நீ அவுட்டு."

"என்னையே இட்டார முடியல சார், இன்னொருத்தன வேற ஏத்துவனா?"

கூட்டம் சிரித்தது. சைக்கிள் கண்ணனுக்குப் போனது.

மறுநாள் காலையில் அவனே அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். கேரியரைக் கழற்றியிருந்தான்.

"மாமா, இத்த நீயே வெச்சிக்கோ."

"கேரியர் எங்கடா?"

"கேக்காத மாமா. குந்த எடம் இல்லாம பண்ணிட்டேன். இனிமே ஒண்ணியும் வராது."

இதிலும் ஏதோ சூது என்று சந்தேகம்தான், ஆனாலும் ஓசி சைக்கிளை விடுவேனா? இத்தனை வருஷமாக அதில்தான் மில்லுக்குப் போகிறேன். பின்னால் கனமே கிடையாது. ஆனால் நேர் ரோட்டில் மிதிக்கும்போது என் முழங்கால் இரண்டும் தானாக அகல விரிகின்றன, முன்பாரில் யாரோ குந்தியிருந்தால் எப்படி விரித்து மிதிப்போமோ அப்படி.